வாசலுக்கு வரும் வசூல்: ராமநாதபுரம் கடற்கரையில் கடன் வாங்கியவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஏப்ரல் 15 வந்தால் ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகில் போகிறவருக்குப் பங்கு கிடையாது. ஐஸ் உடைக்கிறவருக்கும் மீன் தரம் பிரிக்கிற பெண்களுக்கும் கூலி கிடையாது. கரையோரத்து டீக்கடை வரைக்கும் வியாபாரம் படுத்துவிடும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதே இரண்டு மாதத்தில், பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக் கடனின் வாரத் தவணை எட்டோ ஒன்பதோ வந்துவிடும். ஒரே வீட்டில் மூன்று கம்பெனிக் கடன் இருந்தால் அந்த எட்டாயிரம் எந்த மூலைக்குக் காணும்?

தடைக்காலம் மட்டும்தான் சிக்கல் என்றில்லை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், நாட்டுப்படகு இறங்க முடியாது. வாடைக் காற்றில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், வீட்டில் சம்பாதிக்கிற ஆளும் இல்லை, படகும் இல்லை. இந்தக் கரையில் காசு வந்தால் மொத்தமாக வரும், நின்றால் ஒரேயடியாக நிற்கும். கடன் தவணையோ வாரா வாரம் ஒரே தொகை. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியில்தான் வசூல்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

அவர் கையில் பெரும்பாலும் கோர்ட்டு உத்தரவு எதுவும் இருக்காது. வீட்டுச் சாமானைத் தூக்கிப் போகவோ, ஆளை உள்ளே தள்ளவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் நம்பியிருப்பதெல்லாம் நம்முடைய வெட்கத்தை. தெருவே பார்க்கும்படி சத்தம் போட்டால், சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டால், எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். வசூல் பற்றிய விதிகளை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்த்தால், அவை குறிவைப்பதும் இதையேதான் என்பது விளங்கும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. மானத்தைப் பிணையாகப் பிடித்து வாங்குவதைத்தான் தடுக்கிறது.

தங்கச்சிமடத்திலோ வேதாளையிலோ பெரியபட்டினத்திலோ குழுக் கூட்டம் நடக்கிற எந்த வீட்டுத் திண்ணையிலும் இதைப் பார்க்கலாம். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரால் இந்த வாரம் கட்ட முடியவில்லை. கலெக்‌ஷனுக்கு வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, வெளியூர்.

“என்னக்கா, உங்க ஒருத்தரால இத்தனை பேரு உக்காந்திருக்காங்க. காசு வராம யாரும் எந்திரிக்க முடியாது, பாத்துக்கங்க.”

“தம்பி, அவுக கடலுக்குப் போயே பன்னெண்டு நாளாச்சு. திங்கக்கிழமை கட்டிர்றேன்.”

“அதெல்லாம் மேல இருக்கவங்ககிட்ட என்னால சொல்ல முடியாதுக்கா.”

அவர் அதற்கு மேல் பேசவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மதினி பேசுவார், லீடர் பேசுவார். சமைக்கிற நேரம் போகிறதே, பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டுமே என்று ஆளாளுக்கு ஏச்சு விழும். கடைசியில் யாரோ ஒருவர் கைமாற்றுக் கொடுப்பார். அதுவும் ஒரு கடன்தான்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் எல்லாம் நுண்கடன். 2022 ஏப்ரல் முதல் இதற்கென்று ரிசர்வ் வங்கியின் தனி விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அவை வங்கிக்கும் பொருந்தும், பைனான்ஸ் கம்பெனிக்கும் பொருந்தும். எங்கே வைத்துத் தவணை வாங்குவது என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஆள் வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. ஓயாமல் திரும்பத் திரும்பக் கூப்பிடவும் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, கட்டாதவர் பெயரை ஊரறியப் போடுவது, ‘கட்டாவிட்டால் ஜெயில்’ என்பது போன்ற பொய்யான பயம் காட்டுவது எல்லாமே தடை.

குழுவில் மற்றவர்களும் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கியிருந்தால் அவர்களிடம் பணம் கேட்க அந்தத் தாள் வழி தரும். ஆனால் பத்துப் பெண்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்க எந்தத் தாளும் வழி தராது. ஒருவரைப் போகவிடாமல் மறிப்பதும் அடைத்து வைப்பதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127-ஆம் பிரிவுகளில் வரும் குற்றங்கள். இந்த ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் போதும், அந்தத் திண்ணையில் பாதிப் பேச்சு அடங்கிவிடும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு விதி இந்தக் கரைக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்றபடி எத்தனை நாளுக்கு ஒருமுறை தவணை என்பதை மாற்றிக்கொள்ள இடம் தரும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று அதே 2022 விதிகள் சொல்கின்றன. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டுகிற தொகை, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. கட்டச் சிரமப்படுகிறவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்கு என்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே, ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் வீட்டில் வருமானம் இல்லை. வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றித் தாருங்கள், அல்லது இந்த இரண்டு மாதத்தைத் தள்ளித் தாருங்கள்’ என்று எழுதிக் கேட்கலாம். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்ட ஒருவரை, வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. கடிதத்தை மார்ச் மாதத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. தவணை தவறிய பிறகு கொடுத்தால் அதன் எடை குறைந்துவிடுகிறது.

அப்புறம் கடன் அட்டை. நமக்குப் புரிகிற மொழியில், அதாவது தமிழில், அட்டை தர வேண்டும். வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, குறை சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும், அவர் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் அதில் வரவு வைக்க வேண்டும். ஆனால் பல குழுக்களில் அட்டை லீடர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வசூலுக்கு வரும் பையன் தன் டேப்லெட்டில் பதிந்துகொண்டு போய்விடுகிறார், அட்டையில் பேனா படுவதே இல்லை. ஆறு மாதம் கழித்து ‘நாலு தவணை பாக்கி’ என்று சொன்னால் மறுத்துப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது? அட்டை உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்கட்டும். பணத்தைக் கொடுத்த அந்த இடத்திலேயே வரவு வைக்கச் சொல்லுங்கள். வசூல்காரரின் சொந்த ஜிபே நம்பருக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

நுண்கடன் அல்லாத மற்றக் கடன்களுக்கு, அதாவது பைக் கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டு போன்றவற்றுக்கு, ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இருக்கிறது. அதில் நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை. மற்றத் தடைகள் கிட்டத்தட்ட அதேதான்: ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையோ நண்பர்களையோ சிபாரிசுக்குப் பெயர் கொடுத்தவர்களையோ தொல்லை செய்யக் கூடாது, போனிலோ வாட்ஸ்அப்பிலோ தகாத செய்தி அனுப்பக் கூடாது. ஏஜென்ட் செய்கிற அத்தனைக்கும் அவரை அனுப்பிய வங்கியே பொறுப்பு. ‘அது வெளி ஏஜென்சி, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று கிளையில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். குண்டர்களை வைத்து வாகனத்தைப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007-இலேயே ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கௌர் வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

தவணை தவறியதற்குப் போடும் அபராதத்தையும் ஒரு கண் பார்க்க வேண்டும். நுண்கடனில் தாமதத்துக்கான அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டும்தான் கணக்கிடலாம், மொத்தக் கடனுக்கும் போட முடியாது. பொதுவாகவே 2024 ஏப்ரல் முதல், அபராதத்தை வட்டியோடு சேர்த்து அதன் மேல் மறுபடி வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஆப் கடன் தனி ரகம். ஐந்து நிமிடத்தில் பணம் வரும், ஏழாவது நாள் உங்கள் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அழைப்பு போகும். கடன் தரும் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எடுத்துக்கொள்ளக் கூடாது, வசூலுக்கு ஏஜென்ட் வருவதற்கு முன் அவர் யார் என்பதை எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும் என்பது விதி. படத்தை மாற்றி ஆபாசமாக்கி அனுப்புவோம் என்று மிரட்டுகிற ஆப் அநேகமாக எந்த உரிமமும் இல்லாததாகத்தான் இருக்கும். அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை பணம் கொடுத்து வாயடைத்தால் மறுமுறையும் கேட்பார்கள்.

சரி, தண்டலும் கந்துவட்டியும்? ரிசர்வ் வங்கியின் எந்த விதியும் அந்த வாசலுக்குப் போகாது. அதற்குத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நாம் புழங்குகிற பெயர்களையே அந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பலமுறை மனுக் கொடுத்த குடும்பம் அது. சட்டம் இருந்தது, நடவடிக்கை இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2025-இல் சட்டமன்றம் கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டு வாசலில் போய்ப் போய் நிற்பது, சொத்தில் கை வைப்பது போன்றவை அதில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வசூல் தொல்லையால் கடன் வாங்கியவர் உயிரை மாய்த்துக்கொண்டால், தற்கொலைக்குத் தூண்டிய குற்றமாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவில் பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் வருகிற அளவுக்கு நெருக்கடி என்றால், கடன் கணக்கெல்லாம் அப்புறம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கடனே கட்ட வேண்டாம் போல என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டாவிட்டால் சிபில் கணக்கில் பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டமாகும். நிறுவனம் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. வழக்கில் தோற்றுத் தீர்ப்பே வந்தாலும், கட்ட வழியில்லாத ஏழையை அதற்காகச் சிறையில் வைக்க முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தெளிவாக எழுதிவிட்டார். பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கோர்ட்டு ஜப்தி செய்தாலும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்கிறவரின் கருவிகள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகளும் இந்த விலக்கில் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் இந்த ஜப்தி விலக்கெல்லாம் இருக்கிறது. தாலியைக் கழற்றிக் கொடு என்று வாசலில் நின்று கேட்கிற ஆளுக்கு, நீதிபதிக்கே இல்லாத அதிகாரம் எங்கிருந்து வந்தது?

குற்ற வழக்காகக்கூடிய முக்கியமான வழி ஒன்று உண்டு: செக். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும். பணம் கட்ட, நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அந்தத் தபாலை மட்டும் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். கையெழுத்திட்ட வெற்றுத் தாளும் வெற்றுச் செக்கும் இந்தக் கரையில் எத்தனை பீரோக்களில் கிடக்கின்றனவோ தெரியாது. இனிமேலாவது கொடுக்காமல் இருப்பது நல்லது.

நகை அடகுக்குச் சுருக்கமாக: ஏலத்துக்கு முன் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், ஏலத் தொகையில் கடன் போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ முழுவதும் கட்டி முடித்த பிறகு அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2026 ஏப்ரல் முதலான விதி.

இந்தக் கரைக்கே உரிய ஒரு துயரமும் இருக்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் என்ன ஆகும்? உடல் கிடைத்தால் இறப்புச் சான்று கிடைக்கும், கடனோடு சேர்த்துப் பிடித்த காப்பீட்டில் கடனைக் கழிக்கலாம். பல குழுக் கடன்களில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துக் காப்பீட்டுத் தொகை பிடித்திருப்பார்கள். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். உடல் கிடைக்காதபோதுதான் இழுபறி. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் அனுமானிக்க ஏழு ஆண்டு ஆக வேண்டும் என்பது பொது விதி. காவல் நிலையப் புகாரின் நகலையும் மீன்வளத் துறைக்குக் கொடுத்த தகவலின் நகலையும் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு உடனே எழுதுவது அவசியம். இறந்தவர் பெயரில் மட்டும் இருந்த கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவியின் சம்பாத்தியத்திலோ, தம்பியின் படகிலோ உரிமை கோர முடியாது. கருமாதி முடிவதற்குள் வாசலில் வந்து நிற்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். துக்க வீட்டுக்கு இப்படி வருவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

ஆள் வந்தால் முதலில் அடையாள அட்டையும், நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். மிரட்டினால் பேச்சைப் பதிவு செய்யுங்கள், வந்த போன்களின் பட்டியலை அழிக்காமல் வையுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ‘இந்தத் தேதி, இந்த நேரம், இன்னார் வந்தார், இன்னது சொன்னார்’ என்று நாலு வரி போதும், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கிகளும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்துள்ள நிதி நிறுவனங்களும் இதில் வரும். இணையத்தில் பதியலாம். முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எந்த மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள், தமிழும் போதும். கட்டணம் கிடையாது. எப்படி எழுதுவது என்ற சந்தேகத்துக்கு 14448, தமிழிலும் பேசுவார்கள்.

மிரட்டலும் வீட்டுக்குள் நுழைவதும் நடந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே காவல் நிலையம். அங்கே ‘இது பண விவகாரம், பேசித் தீர்த்துக்கங்க’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நீங்கள் கடனைப் பற்றிப் புகார் கொடுக்க வரவில்லை, மிரட்டலையும் அத்துமீறலையும் பற்றிக் கொடுக்க வந்திருக்கிறீர்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 351 மிரட்டல், 329 அத்துமீறி நுழைதல், பெண்ணை இழிவாகப் பேசினால் 79. மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் கீழே அசையும்.

வங்கியின் சேவைக் குறைபாடு என்று ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், உட்கார்ந்து பேசி முடிக்கவும் அவர்களே வழி செய்வார்கள். அங்கே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். லோக் அதாலத்தில் கையெழுத்தான முடிவுக்கு அப்பீல் கிடையாது, அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். ஆகவே தவணைத் தொகையை ஒத்துக்கொள்வதற்கு முன், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களை வெளியே எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் கட்ட முடியாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.